அஞ்சு வாக்கியக் கடிதம், 608 மேற்கோள்கள்

நான் நர்சிங் படிக்கிற பிள்ளைங்களுக்கு ரிசர்ச் பாடம் எடுக்கிறேன். இன்னைக்கு விஷயத்தைச் சொன்னாலே பாதிப் பேர் ஸ்கிப் பட்டனைத் தேடுவீங்க: ரெஃபரன்ஸ் எழுதுறது. கமா எங்கே, புள்ளி எங்கே, எது சாய்வெழுத்துங்கிற அதே சமாச்சாரம்தான். கொஞ்சம் பொறுங்க, முதல்ல ஒரு கடிதத்தைப் பத்திச் சொல்லிடறேன்.

1980 ஜனவரி. நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழ்ல, ஆசிரியருக்குக் கடிதம் பகுதியில, ஜேன் போர்ட்டர், ஹெர்ஷெல் ஜிக்னு ரெண்டு பேர் ஒரு குட்டிக் கடிதம் எழுதினாங்க. மொத்தமே அஞ்சு வாக்கியம். ஆஸ்பத்திரியில அட்மிட் ஆகி, போதைத் தன்மை உள்ள வலி மருந்தை ஒரு தடவையாவது வாங்கின 11,882 பேரோட பதிவுகளைப் பார்த்திருக்காங்க. முன்னாடி அடிமைப் பழக்கம் இல்லாதவங்கள்ல, மருந்துக்கு அடிமையானதா சரியா பதிவானது 4 பேர்தான். இதுதான் கடிதத்தோட சாரம்.

எத்தனை நாள் மருந்து குடுத்தாங்க, எவ்வளவு டோஸ், வீட்டுக்குப் போன பிறகு அவங்களுக்கு என்ன ஆச்சு, எதுவும் அதுல இல்லை. அது தப்பு கிடையாது. கடிதம்னா அப்படித்தான் இருக்கும்.

இப்போ தொண்ணூறுகளுக்கு வாங்க. 1996ல அமெரிக்காவுல ஆக்ஸிகான்டின் விற்பனைக்கு வருது. முதுகு வலி, மூட்டு வலின்னு மாசக்கணக்குல, வீட்டுல உட்கார்ந்து சாப்பிடுறவங்களுக்கும் ஓபியாய்டு மாத்திரை எழுதித் தர்றது பெருகுது. 'அடிமையாகிறது ரொம்ப அபூர்வம்'னு கட்டுரைகள்ல ஒரு வரி வரும். பக்கத்துல அடைப்புக்குறிக்குள்ள: போர்ட்டர், ஜிக், 1980. ஆஸ்பத்திரிக் கட்டில்ல நர்ஸ் பக்கத்துல நின்னு குடுத்த மருந்தோட கணக்கு, வீட்டு அலமாரியில இருக்கிற மாத்திரை டப்பாவுக்குச் சாட்சியா போயிடுச்சு.

2017ல கனடா ஆராய்ச்சியாளர்கள் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தாங்க. அந்தக் கடிதத்தை மேற்கோள் காட்டினது 608 தடவை. அதுல 439, அதாவது 72.2 சதவீதம், அடிமையாகிறது அபூர்வம்னு நிரூபிக்க அதைக் காட்டியிருக்கு. அந்த நோயாளிங்க ஆஸ்பத்திரியில இருந்தவங்கங்கிறதை 491 இடத்துல சொல்லவே இல்லை. இப்போ அந்தக் கடிதத்தோட பக்கத்துலயே ஆசிரியர் குழு ஒரு எச்சரிக்கை போட்டு வச்சிருக்காங்க.

ஓபியாய்டு நெருக்கடிக்கு இந்த ஒரு கடிதம் மட்டும் காரணம்னு நான் சொல்ல வரலை. மருந்துக் கம்பெனி விளம்பரம், எழுதித் தந்த டாக்டர்கள், கண்டுக்காத அமைப்புகள்னு பெரிய கூட்டமே இருக்கு. ஆனா நம்ம தொழிலைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. அதே காலத்துல அமெரிக்க வார்டுகள்ல வலியை 'அஞ்சாவது வைட்டல் சைன்'னு சொல்லி, 0ல இருந்து 10 வரைக்கும் ஸ்கோர் கேட்க ஆரம்பிச்சிருந்தாங்க. கேட்டது யாரு? நர்ஸ்தான். 'சிஸ்டர், இந்த மாத்திரை பழக்கமாயிடுமா?'ன்னு நோயாளி கேட்டாலும் பதில் சொல்றது நர்ஸ்தான். அந்தப் பதில் எங்கே இருந்து வரும்? படிச்சதுல இருந்து.

சரி, ஃபார்மட்டிங்குக்கு வர்றேன். இந்தக் கடிதத்தை ஏபிஏ முறையில ஒழுங்கா எழுதினா எப்படி இருக்கும்? ஆசிரியர் பேர்கள், ஆண்டு, தலைப்பு. தலைப்புக்கு அப்புறம் சதுர அடைப்புக்குறியில 'லெட்டர் டு தி எடிட்டர்'னு போடணும். அப்புறம் இதழ் பேர், தொகுதி 302, இதழ் எண் 2, பக்கம் 123. கவனிச்சீங்களா? 123ல இருந்து 130னு இல்லை, வெறும் 123. முறையா எழுதின அந்த ஒரு வரியே 'இது ஆய்வுக் கட்டுரை இல்லைங்க, ஒரு பக்கத்துக்குள்ள முடியிற கடிதம்'னு சொல்லிடுது. நான் கிளாஸ்ல அந்தச் சதுர அடைப்புக்குறிக்கு மார்க் குறைச்சா முணுமுணுப்பு கேட்கும். நான் குறைக்கத்தான் செய்வேன்.

ஏபிஏ முறை சைக்காலஜிக்காரங்க 1929ல ஏழு பக்கத்துல எழுதி வச்சது. இப்போ நடக்கிறது ஏழாவது பதிப்பு, 2019ல வந்தது. நர்சிங்ல இதுதான் நிறைய இடத்துல ஓடுது. மருத்துவ இதழ்கள் பக்கம் போனா வான்கூவர் முறை. அங்கே வரிக்குள்ள வெறும் எண்தான் இருக்கும், விவரம் எல்லாம் கடைசியில. உங்க காலேஜ் எதைக் கேக்குதோ அதை எழுதுங்க, அதுல சண்டை வேண்டாம். தனிப்பட்ட முறையில எனக்கு ஏபிஏதான் பிடிக்கும். காரணம், ஆண்டு வரிக்குள்ளயே கண்ணுல படும். சிபிஆர் பத்தி எழுதுறீங்கன்னு வைங்க. அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷன் 2010ல வரிசையையே மாத்தினாங்க. முன்னாடி மூச்சுப் பாதை முதல்ல, அப்புறம் நெஞ்சு அழுத்தம். 2010ல இருந்து நெஞ்சு அழுத்தம்தான் முதல்ல. வரிசையைச் சொல்லிட்டுப் பக்கத்துல 2005னு இருந்தா, படிக்கிறவங்க அங்கேயே நிப்பாங்க. 'மூணு'ன்னு எண் மட்டும் இருந்தா, கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்க யாருக்குப் பொறுமை இருக்கு?

விதிகள்ல எளிமையானதைச் சட்டுனு சொல்லிடறேன். மூணு ஆசிரியர் அல்லது அதுக்கு மேல இருந்தா, வரிக்குள்ள முதல் ஆள் பேரு போட்டு 'எட் ஆல்', முதல் தடவையில இருந்தே. பின்னாடி லிஸ்ட்ல 20 பேர் வரைக்கும் எல்லாரையும் எழுதணும். பதிப்பகத்தோட ஊர் பேர் இப்போ தேவையில்லை. டிஓஐ இருந்தா முழு லிங்க்கா போடணும். அப்படியே எடுத்து எழுதின வரின்னா பக்க எண் கட்டாயம்.

நம்ம ஊர்ப் பேர்லதான் நிஜமான தலைவலி. எஸ். லட்சுமின்னு ஒரு சிஸ்டர் கட்டுரை எழுதுறாங்க. லிஸ்ட்ல 'லட்சுமி, எஸ்.'னு வரும். அடுத்த வருஷம் வெளிநாட்டு இதழ் முழுப் பேர் கேக்குது, லட்சுமி சுப்ரமணியன்னு குடுக்கிறாங்க. உடனே 'சுப்ரமணியன், எல்.' ஆயிடுது. உழைச்சது மகள், லிஸ்ட்ல நிக்கிறது அப்பா! தேடுறவங்களுக்கு இது ரெண்டு ஆளு. எழுத ஆரம்பிக்கும்போதே ஒரே வடிவத்தை முடிவு பண்ணிக்குங்க. ஆர்க்கிட்னு 16 இலக்க எண் இலவசமா தர்றாங்க, அதையும் வாங்கி வச்சுக்குங்க.

அடுத்தது, என்னைக் கோபப்படுத்துற பழக்கம். வர்ஜீனியா ஹெண்டர்சனோட நர்சிங் விளக்கத்தை எல்லாரும் எழுதுவாங்க, பக்கத்துல 1966னும் போடுவாங்க. அந்தப் புத்தகத்தைக் கையில எடுத்தீங்களான்னு கேட்டா, பாடப்புத்தகத்துல இருந்ததுன்னு பதில் வரும். அப்போ அதைத்தான் சொல்லணும். வரிக்குள்ள ஹெண்டர்சனைச் சொல்லி, எந்தப் பாடப்புத்தகம் வழியா வந்ததுன்னு எழுதி, லிஸ்ட்ல பாடப்புத்தகத்தை மட்டும் போடுங்க. போர்ட்டர், ஜிக் கடிதத்தையும் பாதிப் பேராவது மூலத்தைப் பார்க்காம, அடுத்தவங்க லிஸ்ட்ல இருந்துதான் தூக்கியிருப்பாங்கன்னு எனக்கு ஒரு சந்தேகம். அஞ்சு வாக்கியத்தைப் படிக்க ஒரு நிமிஷம்கூட ஆகாதே.

இப்போ ஏஐ வந்துடுச்சு. ரெஃபரன்ஸ் குடுன்னா அழகா குடுக்கும். ஆசிரியர் நிஜமான ஆள், இதழும் நிஜம், கட்டுரை மட்டும் உலகத்துலயே இருக்காது. கமா, புள்ளி எல்லாம் கச்சிதமா இருக்கிறதால சந்தேகமே வராது. டிஓஐயைத் தட்டிப் பாருங்க, சில சமயம் சம்பந்தமே இல்லாத வேற கட்டுரை திறக்கும். தலைப்பை அப்படியே பப்மெட்ல போட்டுத் தேடுங்க. அங்கேயும் கூகுள் ஸ்காலர்லயும் இல்லைன்னா, அந்த வரியைத் தூக்கிடுங்க.

நிஜமா இருந்து, பிறகு வாபஸ் ஆன கட்டுரைகளும் உண்டு. எம்எம்ஆர் தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்ட வேக்ஃபீல்ட் கட்டுரை 1998ல லான்செட்ல வந்தது. 12 குழந்தைகளை வச்சு எழுதினது. 2010ல இதழே அதை வாபஸ் வாங்கிடுச்சு. பழைய பிடிஎஃப்பை யாராவது வாட்ஸ்அப்ல அனுப்பினா அந்த விஷயம் உங்களுக்குத் தெரியாமலே போகலாம். ஜோட்டெரோன்னு ஒரு இலவச மென்பொருள் இருக்கு. நீங்க சேர்த்து வச்ச கட்டுரை வாபஸ் ஆனதுன்னா அது சிவப்புல எச்சரிக்கை காட்டும். லிஸ்ட்டையும் அதுவே அடுக்கித் தரும். அப்படி அடுக்கினதையும் ஒரு தடவை கண்ணால பாருங்க. தலைப்பு முழுக்கப் பெரிய எழுத்துல வந்து நிக்கும், கடிதம்ங்கிற குறிப்பு விட்டுப்போயிருக்கும். அதெல்லாம் அதுவா சரியாகாது, நீங்கதான் கையால சேர்க்கணும்.

சப்மிட் பண்றதுக்கு முந்தின நாள் உங்க லிஸ்ட்ல இருந்து கண்ணை மூடிட்டு மூணு எடுங்க. ஒவ்வொண்ணையும் திறந்து, நீங்க எழுதின வரி அதுக்குள்ள எந்தப் பக்கத்துல இருக்குன்னு விரல் வச்சுக் காட்ட முடியுதான்னு பாருங்க. ஒண்ணுல முடியலைன்னாலும் மிச்சம் அத்தனையையும் திறந்து பார்க்கணும். அதனால சாயங்காலமே ஆரம்பிங்க, ராத்திரி 11 மணிக்கு வேண்டாம்.