பதற்றமும் ஃபோலேட்டும்: எதை முதலில் அளப்பது?



மனநல மருத்துவர்கள், உயிர்வேதியியலாளர்கள், உணவியல் வல்லுநர்கள் என மூன்று துறையினரும் கூடியுள்ள இந்த அவைக்குத் தலைமையேற்கப் பணித்த ஏற்பாட்டுக் குழுவினருக்கு நன்றி. பெருமையாக இருக்கிறது. யாரிடம் பாடம் கேட்டேனோ அவர்களே முன்வரிசையில் அமர்ந்திருப்பதால் சற்றுத் தயக்கமாகவும் இருக்கிறது.

‘மரபணு வேறுபாடுகளும் பதற்றத்துக்கான ஊட்டச்சத்து மருத்துவமும்’ என்பது மாநாட்டின் பொருள். ஃபோலேட் சுழற்சியை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மெக்னீசியம், ஒமேகா-3, வைட்டமின் டி ஆகியவற்றை அந்தந்த அமர்வுகளுக்கே விட்டுவிடுகிறேன். நாளுக்கு 100 மி.கி. பி6 எடுத்துக்கொண்ட இளையோரிடம் பதற்றம் குறைந்ததாக 2022-இல் ரெடிங் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வு நம் கவனத்துக்கு உரியது. அளவு மீறிய பி6 நரம்புகளைக் கெடுக்கும் என்பது 1983 முதலே தெரிந்த செய்தி. இரண்டையும் சேர்த்தே விவாதியுங்கள்.

எனக்குரிய நேரத்தை எம்.டி.எச்.எஃப்.ஆர். மரபணு ஒன்றுக்கே செலவிட விரும்புகிறேன். அதன் சி677டி வேறுபாடு 1995-இல் அடையாளம் காணப்பட்டது. மரபணுவின் இரு பிரதிகளிலும் இவ்வேறுபாடு உள்ள டிடி வகையினருக்கு, இம்மரபணு உருவாக்கும் நொதியின் ஆற்றல் வெகுவாகக் குறைகிறது. ஃபோலேட் போதாதபோது ஹோமோசிஸ்டீன் உயர்கிறது. இதுவரை கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் டிடி இருந்தால் பதற்றம் வரும், மெத்தில்ஃபோலேட் கொடுத்தால் அது தணியும் என்ற அடுத்த படியை என்னால் ஏற்க முடியவில்லை. இதற்கு ஆதரவாக அடிக்கடி காட்டப்படும் 2012 ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வு, வழக்கமான மருந்துகளுக்குக் கட்டுப்படாத மனச்சோர்வைப் பற்றியது. அதிலும் 15 மி.கி. பயன் தந்தது, 7.5 மி.கி. தரவில்லை. பதற்றத்துக்கு அதைச் சான்றாக்குவது முறையன்று.

பதற்றத்தை நேராகவே ஆராய்ந்த ஆய்வு ஒன்று உண்டு. நம் கட்டுரைகள் அதை ஏனோ தொடுவதேயில்லை. நார்வேயின் ஹோர்டாலண்ட் பகுதியில் 5,948 பேரிடம் ஃபோலேட், பி12, ஹோமோசிஸ்டீன், மரபணு வகை ஆகிய நான்கையும் பார்த்து, 2003-இல் முடிவை வெளியிட்டார்கள். உயர்ந்த ஹோமோசிஸ்டீனும் டிடி வகையும் பதற்றம் கலவாத மனச்சோர்வோடு தொடர்புகொண்டிருந்தன. பதற்றத்தோடு நான்கில் ஒன்றுக்குமே குறிப்பிடத்தக்க தொடர்பு தென்படவில்லை.

முன்பொரு கருத்தரங்கில் நான் இதைச் சொன்னபோது, என் மதிப்புக்குரிய நண்பர் ஒருவர், நார்வே முடிவு நம் மக்களுக்குப் பொருந்தாது என்றார். நியாயமான கேள்வி. அதற்கு விடை புனேயில் இருக்கிறது. ஹோர்டாலண்ட் ஆய்வில் பங்கேற்ற ஹெல்கா ரெஃப்சும், இந்திய ஆய்வாளர்களோடு சேர்ந்து புனேயில் 204 பேரைச் சோதித்து 2001-இல் வெளியிட்ட கட்டுரை அது. 77 விழுக்காட்டினருக்கு ஹோமோசிஸ்டீன் மிகை. 47 விழுக்காட்டினருக்கு பி12 குறைவு. ஃபோலேட் குறைவு அரிது. டிடி வகையினரோ வெறும் 2.5 விழுக்காடு! நூற்றுக்கு இரண்டு மூன்று பேரிடம் உள்ள மரபணு வகை, முக்கால்வாசிப் பேரிடம் காணும் மாற்றத்துக்கு எப்படிக் காரணமாகும்? அந்த நண்பருக்கு இதுவே என் பணிவான மறுமொழி.

இது ஏட்டளவில் முடிகிற வாதமும் அன்று. ஓர் இளம்பெண் எச்சில் மாதிரி கொடுத்துப் பெற்ற மரபணு அறிக்கையோடும் மெத்தில்ஃபோலேட் குப்பியோடும் என் புறநோயாளிப் பிரிவுக்கு வந்தார். புலால் உண்ணாதவர். படபடப்பும் உறக்கமின்மையும் தணியவில்லை. உள்ளங்காலில் மதமதப்பு வேறு. ஹீமோகுளோபின் சரியாக இருந்தது. இசைக்கவையைத் தட்டிக் கால் பெருவிரலில் வைத்தேன். அதிர்வை அவரால் உணர முடியவில்லை. அந்த நீண்ட அறிக்கையைப் படித்துக் குப்பியை எழுதிக் கொடுத்தவர்கள் பி12 அளவை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. ஃபோலேட் இரத்தச்சோகையை மட்டும் சரிசெய்து பி12 குறைவை மறைத்துவிடும், நரம்புச் சேதம் உள்ளே தொடரும் என்பது நாம் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பாடம். பி12 ஊசிக்குப் பின் மதமதப்பு குறைந்தது. பதற்றத்துக்கு உளச்சிகிச்சை தனியே தேவைப்பட்டது.

மரபணு பார்த்து ஊட்டம் தருவதையே நான் மறுப்பதாகக் கருத வேண்டாம். வட அயர்லாந்தின் அல்ஸ்டர் ஆய்வாளர்கள் 2006-இல் காட்டியதை எண்ணிப் பாருங்கள். எம்.டி.எச்.எஃப்.ஆர். நொதிக்குத் துணைநிற்பது ரிபோஃப்ளேவின், அதாவது பி2. அதை நாளுக்கு 1.6 மி.கி. கொடுத்தபோது டிடி வகையினருக்கு மட்டும் ஹோமோசிஸ்டீன் இறங்கியது. மரபணு வகை வாரியாக ஆட்களைப் பிரித்தார்கள், ஊட்டத்தைக் கொடுத்தார்கள், விளைவை அளந்தார்கள். பதற்றத்துக்கும் அத்தகைய சோதனை நடக்கட்டும். முடிவு என் கருத்துக்கு எதிராக வந்தாலும் முதலில் வரவேற்பவன் நானாக இருப்பேன்.

அதுவரை அமர்வுத் தலைவர்களிடம் ஒரு வேண்டுகோள். மரபணு வகையைச் சொல்லி ஃபோலேட் சிகிச்சையைப் பரிந்துரைக்கும் கட்டுரை எதுவானாலும், நோயாளிகளின் பி12 அளவு எங்கே என்று கேளுங்கள். விடை இல்லையென்றால் அந்தப் பரிந்துரையை மாநாட்டு முடிவுகளில் சேர்க்காதீர்கள்.