மறதியுற்ற முதியோரும் நம் மனைகளும்

(மரக்காணத்தில் நமது சங்கக் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

முதியோரைப் போற்றுதல் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தனர். நீதிவாக்கியங்களைத் திரட்டித் தருதல் தமிழாசிரியனுக்கு எளிது. அதனை விடுத்து, ஒரு வீட்டின் தரையையும் கதவையும் பற்றியே பேசப் புகுகின்றோம்.

எமது பெரிய தந்தையார் நாற்பதாண்டு இவ்வூர் உப்பளத்தில் உழைத்தவர். முதுமையில் அவரை மறதிநோய் பற்றிற்று. வைத்தியர் இதனை டிமென்ஷியா என்பர். முற்றும் மாற்றும் மருந்து இன்றளவும் இல்லை. இந்தியாவில் அறுபது கடந்தோருள் ஏறத்தாழ 88 இலட்சம் பேர் இந்நோயுற்றவர் என 2023-இல் வெளிவந்த ஆய்வொன்று கணக்கிட்டது. ஆதலின் இஃது எம் ஒரு வீட்டுக் கதையன்று.

அக்காலத்தில்தான் பழைய ஓட்டு வீட்டை இடித்துப் புதுவீடு கட்டினோம். சுவரும் வெண்மை, டைல்ஸ் பதித்த தரையும் வெண்மை, கழிப்பறைக் கோப்பையும் வெண்மை. நண்பகலில் உப்பு விளைந்த பாத்தியை நோக்குவார்க்குக் கண் கூசுமன்றோ? அவ்வாறே அவர்க்கு வீடு முழுதும் ஒரே வெள்ளையாயிற்று. கழிப்பறையுள் நின்றும் கோப்பையைக் காணாது மூலையை நனைத்தார். வாயிலில் விரித்த கரிய மிதியடியைக் குழியென்றெண்ணித் தாண்ட முயன்று வீழ்ந்தார். இரவு மூன்று மணிக்கெழுந்து தெருக்கதவைத் திறந்தார். அளத்திற்குப் புறப்படும் வேளையன்றோ அது! யாம் செய்ததென்ன? அவர் அறையை வெளியே தாழிட்டோம். அவர் கதவைத் தட்டிய ஓசை இன்றும் எம் செவியில் உளது.

பின்னர் வைத்தியர் ஒருவர், வீட்டை அவருக்கேற்ப மாற்றுமாறு கூறினார். நெதர்லாந்து தேசத்தில் 2009 முதல், ஹோகவைக் என்னுமிடத்தில், இந்நோயாளர்க்கென்றே கடையும் தோட்டமுமாக ஒரு சிற்றூரே நடந்து வருகின்றது. உள்ளே அவர்கள் தம் விருப்பப்படி உலவலாம். நமக்கு அத்துணைப் பொருள் வேண்டா. யாம் கழிப்பறைக் கதவுக்கு அடர்ந்த நீல வர்ணம் பூசினோம். கோப்பையின் இருக்கையையும் கருநிறமாக மாற்றினோம். மிதியடியை அகற்றினோம். கட்டிலிலிருந்து அக்கதவு தெரியுமாறு இரவு முழுதும் சிறு விளக்கொன்று எரிகின்றது. நிலைக்கண்ணாடியில் தம் உருவத்தை அயலான் என்று அஞ்சியமையால் அதனைத் திரையிட்டு மூடினோம். பரணில் எறிந்த அவரது பழைய கயிற்றுக் கட்டிலும் மரப்பெட்டியும் அறைக்கு மீண்டன. கிணற்றுக்குக் கம்பிமூடி இட்டோம். சமையல் எரிவாயுவை இரவில் அடைத்துவிடுகின்றோம்.

தாழ்ப்பாளைக் கழற்றுதற்கே பெரிதும் தயங்கினோம். கொல்லையைச் சுற்றிப் பனைமட்டை வேலி அடைத்து, பின்வாயிலிலிருந்து வேம்பைச் சுற்றி மீண்டும் பின்வாயிலுக்கே வரும் நடைபாதை அமைத்த பிறகே துணிவு பிறந்தது. இப்போது மூன்று மணிக்கு அவர் எழுந்தால் பெரியன்னையார் காப்பி தந்து உடன் செல்வார். உப்பு வாரும் பலகை கொண்டு அவர் மணலை இழுத்துக் குவிப்பார், விடிந்தபின் உறங்குவார்.

நோய் தீர்ந்ததென்று யாம் கூறவில்லை. எம்மை இன்னாரென்று அவர் அறிவதில்லை. மேஸ்திரி என்றே அழைக்கின்றார். ஆயினும் அவர் வீழ்ந்து ஓராண்டாயிற்று, கதவைத் தட்டுவதுமில்லை. புதுமனை கட்டுவோர் எவரேனும் இவ்வேற்பாடுகளைக் காண விரும்பின், மாலை வேளையில் எமது இல்லத்திற்கு வருக.