உள்ளம் நலிந்தபோதும் உத்தியோகம் காப்போம்

(சங்கத்தின் வெள்ளிவிழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

    

நம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவும், தேர்வுகளுக்குப் பயிற்றுவிக்கவும், வேலையில் அமர்த்தவும் இச்சங்கம் 25 ஆண்டுகளாகப் பாடுபட்டு வந்துள்ளது. அதன் பயனாக இன்று நம் தெருக்களில் ஆசிரியர்கள், இளநிலை உதவியாளர்கள், செவிலியர்கள், நடத்துநர்கள், காவலர்கள் இருக்கின்றனர். வேலை பெறுவது எவ்வாறு என்பதைப் பற்றி இம்மேடையில் பலமுறை பேசியுள்ளோம். பெற்ற வேலையை நோயுற்ற காலத்தில் காத்துக்கொள்வது எவ்வாறு என்பதைப் பேசியதில்லை. அதிலும் மனநோயைப் பற்றி ஒருமுறையேனும் பேசியதில்லை. காய்ச்சல் கண்டவர் விடுப்பு விண்ணப்பம் எழுதுகிறார். மனச்சோர்வு கண்டவர் எழுதுவதில்லை. வேலை பறிபோவதற்குப் பெரும்பாலும் இதுவே வழியாகிவிடுகிறது. ஆகவே இன்று அதனைப் பற்றிச் சில சொல்ல விழைகிறோம்.

முதலில், நோய் இன்னதென்று அறிதல் வேண்டும். துயரம் வேறு, மனச்சோர்வு நோய் வேறு. உற்றார் இறந்தால் அழுகிறோம், நாளடைவில் தேறுகிறோம். மனச்சோர்வு நோயிலோ, இரண்டு வாரங்களுக்கு மேலாக நாள் முழுவதும் உள்ளம் இருண்டு கிடக்கும். உண்பதிலும் உடுத்துவதிலும் நாட்டம் போகும். விடியற்காலை மூன்று மணிக்கே உறக்கம் கலையும். ஒரு கோப்பைத் திறந்து ஒரே வரியைப் பத்து முறை படித்தாலும் பொருள் விளங்காது. 'நான் எதற்கும் உதவாதவன்' என்ற எண்ணம் விடாமல் குடையும். இதனைச் சோம்பல் என்று கருதுவோர் நம்மில் பலர். பிள்ளைப்பேற்றுக்குப் பின்னர்த் தாய்மார்களுக்கும் இந்நோய் வருவதுண்டு. அதனையும் நாம் பிடிவாதம் என்றே எண்ணிவிடுகிறோம்.

மற்றொன்று இருதுருவ மனநோய். ஆங்கில வழக்கில் பைபோலார் என்பர். இதில் சோர்வுக் காலமும் உண்டு. அதற்கு நேர்மாறான எழுச்சிக் காலமும் உண்டு. எழுச்சிக் காலத்தில் இரண்டு மணி நேரமே உறங்கினாலும் களைப்புத் தோன்றாது. பேச்சு வெள்ளமாய்ப் பெருகும். பணம் நீராய்ச் செலவழியும். மேலதிகாரிக்கே அறிவுரை கூறும் துணிவு பிறக்கும். வீட்டார் முதலில் இதனைச் சுறுசுறுப்பு என்று மகிழ்வர். பின்னர்ப் பேய் பிடித்தது என்று அஞ்சுவர். இரண்டும் பிழை.

பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16ஆம் ஆண்டுகளில் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, வயதுவந்தோரில் 100க்கு 10.6 பேர் ஏதேனும் ஒருவகை மனநலக் கோளாற்றுடன் வாழ்ந்தனர். அப்படியானால் இந்த அவையிலும் சிலர் இருப்பர் என்று கொள்வதில் தவறில்லை. இது பாவத்தின் பயன் அன்று. பில்லி சூனியமும் அன்று. பரம்பரைக் கூறும், மூளையின் இயக்கத்தில் நேரும் மாறுதலும், வாழ்க்கை தரும் அடிகளும் சேர்ந்தே இந்நோய் உண்டாகிறது. மருத்துவரிடம் காட்டாமல் மறைத்து வைப்பதால் நேரும் கேட்டுக்கு ஏர்வாடி சான்று. 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் அங்கு ஒரு காப்பகத்தில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் தப்பிச் செல்ல வழியின்றி 28 பேர் மாண்டனர்.

நம் மக்கள் இந்நோயை மறைப்பதற்கு மேலும் ஒரு காரணம் உண்டு. நம்மில் உத்தியோகம் பெற்றவர் பெரும்பாலும் அவருடைய குடும்பத்தில் முதலாமவர். அவருடைய ஒரு சம்பளத்தை நம்பித் தந்தையின் கடன், தங்கையின் திருமணம், தம்பியின் கல்லூரிக் கட்டணம் யாவும் நிற்கின்றன. அலுவலகத்திலோ, 'ஒதுக்கீட்டில் வந்தவர்' என்ற சொல்லைக் காதில் விழுமாறு பேசுவோர் இன்றும் உளர். பிறர் ஒருவர் தவறினால் அது அவருடைய தவறு. நம்மில் ஒருவர் தவறினால் அது நம் அனைவருடைய தகுதிக்குறைவாக எண்ணப்படுகிறது. இந்நிலையில், 'எனக்கு மனநலம் சரியில்லை' என்று எவர் வாய் திறப்பார்? நாள்தோறும் படும் இழிவே உள்ளத்தைப் புண்படுத்தும் என்பதும் உண்மை. மாத்திரை அந்த இழிவைப் போக்காது. அதனைப் போக்க வேறு போராட்டம் வேண்டும். ஆயினும் நோயில் வீழ்ந்து கிடப்பவரால் அந்தப் போராட்டத்தில் நிற்க இயலாது. ஆகவே முதலில் நலம் பெறுவோம்.

நாம் முன்னர்ப் பணியாற்றிய பள்ளி ஒன்றில் நம் சமூகத்தைச் சேர்ந்த இளம் ஆசிரியர் ஒருவர் இருந்தார். பெயர் கூறாமல் சொல்லலாம் என்று அவரே இசைந்துள்ளார். ஒரு கோடையில் அவருக்கு எழுச்சி நோய் கண்டது. ஒரே மாதத்தில் கூட்டுறவு நாணயச் சங்கத்தில் கடன் பெற்றார். மூவருக்கு ஜாமீன் கையெழுத்திட்டார். நள்ளிரவில் அமர்ந்து அதிகாரிகளுக்கு நீண்ட கடிதங்கள் எழுதினார். பள்ளி திறந்த சில நாள்களில் சோர்வு வந்து கவிந்தது. ஒரு வரி விண்ணப்பமும் அனுப்பாமல் 47 நாள்கள் வீட்டில் முகம் மறைத்துக் கிடந்தார். விதி 17(ஆ)வின் கீழ்க் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்தது. அதில் எழுதப்பட்டிருந்த குற்றம் என்ன? மனநோய் அன்று, அனுமதியின்றிப் பணிக்கு வராமை. இதனை இளைஞர்கள் நன்கு மனத்தில் இருத்துதல் வேண்டும். அவருடைய துணைவியார் அவரை மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். மருத்துவரின் சான்றுகளும் மருத்துவக் குழுவின் அறிக்கையும் வந்த பின்னர், அந்நாள்கள் மருத்துவ விடுப்பாக ஏற்கப்பட்டன. இன்றும் அவர் பத்தாம் வகுப்புக்குக் கணிதம் கற்பிக்கிறார். நாள் தவறாமல் மாத்திரை உட்கொள்கிறார்.

இனி, செய்ய வேண்டியவற்றை முறையாகக் கூறுவோம்.

முதலாவது, மருத்துவம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநல மருத்துவர் உளர், கட்டணம் இல்லை. நேரில் செல்லத் தயங்குவோர் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம். இச்சேவை 2022 அக்டோபர் முதல் இயங்கி வருகிறது. மனச்சோர்வுக்குத் தரும் மருந்து பயன்காட்ட இரண்டு முதல் நான்கு வாரங்கள், சிலருக்கு அதற்கு மேலும், ஆகும். ஐந்தாம் நாளே 'பலன் இல்லை' என்று நிறுத்துவோர் பலர். நலமடைந்த பின்னரும் குறைந்தது ஆறு மாதம் மருந்து தொடர வேண்டும். நிறுத்தும் நாளை மருத்துவரே குறிக்க வேண்டும். முன்பு எப்போதேனும் எழுச்சிக் காலம் வந்திருந்தால் அதனை மருத்துவரிடம் மறைக்கலாகாது. மனச்சோர்வு மருந்தை மட்டும் தனியே தந்தால் அது சிலரை மீண்டும் எழுச்சிக்குத் தள்ளிவிடும்.

இருதுருவ நோய்க்குப் பெரிதும் பயன்படும் மருந்து லித்தியம். இதன் பயனை 1949ஆம் ஆண்டு ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் வெளியிட்டார். லித்தியம் ஓர் உப்பு. இரத்தத்தில் அதன் அளவு குறைந்தால் பயன் இல்லை, மிகுந்தால் நஞ்சு. ஆகவே மருத்துவர் குறித்த நாளில் இரத்தப் பரிசோதனை செய்வதும், சிறுநீரகம், தைராய்டு இவற்றைச் சோதிப்பதும் இன்றியமையாதன. நம் ஊர் வெயிலில் வேலை செய்வோர் தண்ணீர் குடிப்பதைக் குறைத்தல் ஆகாது. உணவில் உப்பைத் திடீரென்று நிறுத்துதலும் ஆகாது. மருந்துக் கடையில் தாமாக வலி மாத்திரை வாங்கி உண்ணலும் ஆகாது. இபுபுரூஃபன் போன்றவை லித்தியத்தின் அளவை உயர்த்தும். கைநடுக்கம், வாந்தி, வயிற்றுப்போக்கு, நடை தள்ளாட்டம் கண்டால் அன்றே மருத்துவமனை செல்ல வேண்டும். பிள்ளைப்பேற்றை எதிர்நோக்கும் பெண்கள் அதனை முன்கூட்டியே மருத்துவரிடம் கூற வேண்டும்.

இந்நோயுடன் பெரும்பதவி வகிக்க இயலுமா என்று ஐயுறுவோர்க்கு அமெரிக்க உளவியலறிஞர் கே ரெட்ஃபீல்ட் ஜேமிசன் விடையாவார். 1974இல் பல்கலைக்கழகப் பணியில் சேர்ந்த சில மாதங்களிலேயே அவருக்கு எழுச்சி நோய் முற்றியது. லித்தியத்தை நிறுத்தி நிறுத்தி அவர் பட்ட துன்பம் பெரிது. பின்னர் அதனை விடாது உட்கொண்டு, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராய் உயர்ந்தார். 1995இல் தம் நோயைத் தாமே நூலாக எழுதி வெளியிட்டார்.

இரண்டாவது, உறக்கம். இருதுருவ நோயுடையோர்க்கு உறக்கக் குறைவே பலமுறை எழுச்சிக்கு வாயில் திறக்கிறது. இரவுப்பணி பார்க்கும் செவிலியரும் காவலரும் நடத்துநரும் மருத்துவரின் பரிந்துரையுடன் பகற்பணி கோரலாம். மது இந்நோயை வளர்க்கும். மருந்தின் பயனையும் கெடுக்கும்.

மூன்றாவது, காகிதம். எழுந்து நிற்க இயலாத நாளிலும் விடுப்பு விண்ணப்பம் சென்றாக வேண்டும். தம்மால் எழுத இயலாவிடில் வீட்டார் எழுதிப் பதிவஞ்சலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும். தற்செயல் விடுப்பு, ஈட்டிய விடுப்பு, மருத்துவச் சான்றின் பேரிலான விடுப்பு ஆகியவற்றில் தம் கணக்கில் எத்தனை நாள் உள்ளன என்பதை நலமாய் இருக்கும்போதே அறிந்துகொள்க. பணிக்குத் திரும்பும்போது தகுதிச் சான்று தவறாமல் அளித்திடுக.

நான்காவது, சட்டம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மனநோயையும் உள்ளடக்கியது. பணிக்காலத்தில் ஒருவருக்கு மாற்றுத்திறன் ஏற்பட்டால், அதனால் மட்டும் அரசு நிறுவனம் அவரை நீக்கவோ பதவியிறக்கவோ கூடாது. அந்தப் பணி இயலாவிடில் அதே ஊதியத்தில் வேறு பணி தர வேண்டும் என்கிறது அதன் 20ஆம் பிரிவு. மத்திய ரிசர்வ் போலீஸ் படை அதிகாரி ஒருவரின் வழக்கில், மனநோய் காரணமாய் நேர்ந்த நடத்தைக்காக எடுக்கப்பட்ட ஒழுங்கு நடவடிக்கைகளை உச்ச நீதிமன்றம் 2021 டிசம்பரில் ரத்துச் செய்தது. 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி நோயாளியின் விவரம் இரகசியமாகக் காக்கப்பட வேண்டும். எனவே அலுவலகம் முழுவதும் அறிவிக்கத் தேவையில்லை. வீட்டில் ஒருவர், பணியிடத்தில் நம்பத்தக்க ஒருவர் அறிந்திருந்தால் போதும். ஆனால் சட்டத்தின் துணை வேண்டுமானால் மருத்துவச் சீட்டு கையில் இருக்க வேண்டும். மறைத்த நோய்க்குச் சட்டம் துணை வராது.

ஐந்தாவது, முடிவெடுத்தல். சோர்வில் இருப்போர் ராஜிநாமா எழுதலாகாது. எழுச்சியில் இருப்போர் கடனும் ஜாமீனும் கையெழுத்திடலாகாது. நலமாய் உள்ள காலத்திலேயே, 'நான் இரவில் உறங்காமல் பணம் வாரியிறைத்தால் வங்கிப் புத்தகத்தை வாங்கி வையுங்கள், மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்' என்று வீட்டாரிடம் சொல்லி வைத்தல் நன்று. சாக வேண்டும் என்று ஒருவர் சொன்னால் அதனை விளையாட்டென்று விடலாகாது. அவரைத் தனியே விடாமல் அன்றே மருத்துவமனை சேர்க்க வேண்டும். தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கொண்டு, அவரைத் தண்டிக்காமல் மருத்துவம் தர வேண்டும் என்பதே 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் நோக்கம். ஆகவே வழக்குக்கு அஞ்சி மறைக்க வேண்டியதில்லை.

இறுதியாக, சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நாம் கூறிய ஆசிரியர் 47 நாள்கள் வீட்டில் கிடந்தபோது, அவருடைய தெருவிலேயே அரசுப்பணியில் இருந்தோர் நால்வர். அவர்களுள் ஒருவர் ஒரு விண்ணப்பத்தை எழுதி எடுத்துச் சென்றிருந்தால் குறிப்பாணையே வந்திராது. இவ்வெள்ளிவிழா ஆண்டில் ஒவ்வோர் ஊர்க் கிளையிலும் இருவர், அவர்களுள் ஒருவர் பெண்ணாக, இப்பொறுப்பை ஏற்க வேண்டும். நோயுற்றவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதும், விண்ணப்பத்தை அலுவலகத்தில் சேர்ப்பதும், கேட்டதை வெளியில் சொல்லாதிருப்பதும் அவர்கள் கடமை. இதற்குப் பெருநிதி வேண்டா. பேருந்துக் கட்டணமும் நேரமும் போதும். ஒருவரை வேலையில் அமர்த்த எத்தனை ஆண்டுகள் உழைத்தோம் என்பதை நாம் அறிவோம். இவ்விருவர் பெயர்களையும் இன்று மாலை நடைபெறும் பொதுக்குழுவிலேயே முடிவு செய்யுமாறு வேண்டுகிறோம்.