பெயர் எழுதாத படங்கள்



ஹட்டனிலிருந்து பொகவந்தலாவைக்குப் போகும் பஸ்ஸில் வெளிநாட்டுப் பயணிகளைக் காண்பது அரிது. அவர்கள் நுவரெலியாவுக்காக நானுஓயாவில் இறங்குவார்கள். இல்லாவிட்டால் எல்ல வரை போய், ஒன்பது வளைவுப் பாலத்தில் ரயில் வரும் நேரம் பார்த்துக் கெமராவோடு நிற்பார்கள். ஹட்டனில் இறங்குகிறவர்களும் பெரும்பாலும் சிவனொளிபாத மலைக்குப் போகிறவர்கள்தான். நோர்வூட்டில் பாதை பிரிகிற இடத்தில் மஸ்கெலியாப் பக்கம் திரும்பிவிடுவார்கள்.

மற்றப் பாதையில் போனால் பொகவந்தலாவை. அங்கே சென் மேரிஸ் தேவாலயத்தின் கல்லறைகளுக்கு நடுவே ஜூலியா மார்கரட் கெமரன் என்ற அம்மையார் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். உலகப் புகைப்படக் கலையின் வரலாற்றை எழுதுகிற எவராலும் இவரை விட்டுவிட்டு எழுத முடியாது. 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். நாற்பத்தெட்டு வயதில் மகளும் மருமகனும் பரிசாகக் கொடுத்த கெமராவோடு தொழிலைத் தொடங்கியவர். சார்ள்ஸ் டார்வின், கவிஞர் டெனிசன், வானியல் அறிஞர் ஜோன் ஹேர்ஷல் ஆகியோரின் முகங்கள் இன்று நம் மனதில் எப்படி நிற்கின்றனவோ, அதில் பாதி இவர் கைவேலை.

அவர் இங்கே வரக் காரணம் கணவர். நம் பாடசாலைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிற கோல்புறூக் – கெமரன் சீர்திருத்தம் இருக்கிறதே, 1833ஆம் ஆண்டுச் சீர்திருத்தம், அந்தக் கெமரன்தான் கணவர். இலங்கையில் கோப்பித் தோட்டங்கள் வாங்கிப் போட்டிருந்தார். 1875இல் குடும்பம் இங்கே குடிவந்த நேரம் கோப்பியை இலைநோய் தின்றுகொண்டிருந்தது. 1879 ஜனவரி 26ஆம் திகதி, டிக்கோயாப் பள்ளத்தாக்கில் கிளென்கேர்ன் தோட்டத்தில் அந்த அம்மா இறந்துபோனார். அப்போது ஹட்டனுக்கு ரயில் வரவில்லை. பாதை நாவலப்பிட்டியோடு நின்றிருந்தது. உடலை மாட்டு வண்டியில் மலைப்பாதை வழியே கொண்டுபோனதாகச் சொல்வார்கள். மறு வருடம் கணவரும் போய்ச் சேர்ந்தார். இரண்டு பேரும் பொகவந்தலாவை மண்ணில்தான் இருக்கிறார்கள்.

நான் அந்தக் கல்லறையைப் பார்க்கப் போனது அவருடைய புகழுக்காக மட்டும் அல்ல. தேயிலை மலைக்கு வருகிற பயணிகள் நம் சனங்களைப் படம் எடுக்கிற வழக்கத்தைப் பற்றி எனக்கு நீண்ட நாளாக ஒரு கேள்வி உண்டு. அதைத் தொடங்க இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது.

கெமரன் அம்மையார் இலங்கையில் எடுத்தவற்றில் மிகச் சில படங்களே எஞ்சியிருக்கின்றன. பெரும்பாலானவை களுத்துறையில் அவர்கள் இருந்த வீட்டில் எடுத்தவை. அவற்றில் தோட்டத் தொழிலாளர்களும் இருக்கிறார்கள். அந்தக் காலத்துப் படம் எடுப்பு இன்று போலப் பொத்தானை அமுக்குகிற காரியம் அல்ல. கண்ணாடித் தட்டில் மருந்து பூசி, ஈரம் காய்வதற்குள் படத்தையும் எடுத்து, கழுவியும் முடிக்க வேண்டும். எதிரே இருப்பவர் பல விநாடிகள், சில வேளை நிமிடக் கணக்கில், ஆடாமல் அசையாமல் இருக்க வேண்டும். அதனால் அந்த முகங்களில் ஒரு கனம் தங்கியிருக்கிறது. சிரிப்புக் கிடையாது. பின்னணியில் மலை, நீர்வீழ்ச்சி என்று அலங்காரமும் கிடையாது. ஆளைத்தான் பார்த்தார். கிட்டப் போய்ப் பார்த்தார். இந்த ஒரு விடயத்தில் இன்றைய பயணிகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அவருக்குப் பக்கத்தில் வர முடியாது என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் பெயர்? மரியன் நோர்த் என்ற ஓவியர் 1877இல் களுத்துறைக்கு வந்து அவரோடு தங்கினார். அவர் எழுதி வைத்த ஒரு சம்பவம் உண்டு. ஒரு ஆளின் முதுகு அழகாக இருக்கிறது, அதைப் படம் எடுக்க வேண்டும் என்பதற்காகவே, அந்த ஆளைத் தோட்டக்காரனாக வைத்துக்கொள் என்று மகனிடம் பிடிவாதம் பிடித்தாராம் கெமரன் அம்மா. வீட்டிலோ தோட்டமே கிடையாது! வாசிக்கும்போது சிரிப்பு வரும். முதுகு சரித்திரத்தில் ஏறிவிட்டது, அந்த மனிதரின் பெயர் ஏறவில்லை. வேலைக்காரர்கள் என்பதால் விட்டுப்போனதோ என்றால், அதுவும் பொருந்தவில்லை. இங்கிலாந்தில் அவர் வீட்டில் வேலை பார்த்து, அவர் படங்களில் மாதாவாக வேடம் போட்ட பெண்ணின் பெயர் மேரி ஹில்லியர் என்று இன்றைக்கும் எல்லோருக்கும் தெரியும். கப்பல் ஏறி இந்தப் பக்கம் வந்த பிறகுதான் பெயர் கேட்கும் பழக்கம் விட்டுப்போயிருக்கிறது.

அவருக்குப் பின் வந்தவர்கள் கிட்டப் போவதையும் விட்டுவிட்டார்கள். கோப்பி போய்த் தேயிலை வந்தது. 1890இல் தோமஸ் லிப்டன் வந்து தோட்டங்களை வாங்கினார். விளம்பரத்திலும், தபாலட்டையிலும், தேயிலைப் பெட்டியிலும் கூடை சுமந்த தமிழ்ப் பெண் ஏறினாள். 1934இல் பசில் றைட் எடுத்த ‘சோங் ஒஃப் சிலோன்’ என்ற விவரணப் படம் உண்மையிலேயே அழகான படம். அதற்கும் பணம் போட்டது தேயிலைப் பிரசார சபைதான். இவையெல்லாம் சேர்ந்து பதித்த படம் ஒன்றுதான்: பச்சை மலை, வரிசையாகப் பெண்கள், முதுகில் கூடை, முகத்தில் சிரிப்பு. இந்தப் படத்தை மனதில் வைத்துக்கொண்டுதான் பயணி விமானம் ஏறுகிறார். இங்கே வந்து அதையே திரும்ப எடுத்துக்கொண்டு போகிறார்.

நுவரெலியா வீதியோரங்களில் நல்ல சேலை கட்டி, பிரம்புக் கூடையோடு நின்று, காசு வாங்கிக்கொண்டு படத்துக்கு நிற்கிற பெண்களைச் சிலர் ஏமாற்றுக்காரர்கள் என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வந்தவர் கேட்கிற படத்தை நின்று கொடுக்கிறார்கள். வெயிலில் நிற்பதற்குக் கூலி வாங்குகிறார்கள். அதில் என்ன ஏமாற்று? மலைக்குள்ளே போனால் இப்போது பல இடங்களில் பிரம்புக் கூடையே கிடையாது. உரப்பைத் துணியில் தைத்த பை, தலையில் தொப்பி, மகனுடைய பழைய ரீசேர்ட், இடுப்பில் படங்கு. கத்தரியால் கொழுந்து வெட்டுகிற மலைகளும் உண்டு. பயணிக்கு இது பிடிப்பதில்லை. படம் கெட்டுப்போகிறதாம்.

பொகவந்தலாவைக்கு மேலே ஒரு தோட்டத்தில், அனுமதி வாங்கிக்கொண்டு, நெரைக்குப் பக்கத்தில் நின்று ஒரு காலை முழுக்கப் பார்த்திருந்தேன். இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்று புத்தகத்தில் எழுதிவிடலாம். கையைப் பார்க்க வேண்டும். பெருவிரலும் சுட்டுவிரலும் கொழுந்தைப் பிடிக்கும், ஒரு சின்னத் திருப்பு, அடுத்த கொழுந்துக்குப் போய்விடும். கிள்ளியது உள்ளங்கையிலேயே சேர்கிறது. கை நிறைந்ததும் தலையைத் திருப்பாமல் தோளுக்கு மேலே பின்னால் வீச்சு. கண் மட்டும் தேயிலைத் தூரை விட்டு எழும்பவே இல்லை. முற்றிய இலை கலந்துவிட்டால் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் பேச்சு வாங்க வேண்டும். விரல் நுனிகள் சாயம் ஏறிக் கறுத்து வெடித்திருக்கும். இந்த வேகத்தில் போகிறவரை, ‘இங்கே பாருங்கள், சிரியுங்கள்’ என்று நிறுத்தினால் கை நிற்கிறது. கை நின்றால் கிலோ குறைகிறது. தோட்டத்துக்குத் தோட்டம் மாறுகிற கணக்கு அது: பதினாறு, பதினெட்டு, இருபது. அந்த அளவு நிறைந்தால்தான் முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம். குறைந்தால் அரைப் பேர்.

அந்தக் கணக்கு நடக்கிற இடம் கொழுந்து மடுவம். என் பார்வையில் மலையகத்தில் கெமரா போக வேண்டிய இடமும் அதுதான். அங்கேதான் அது போவதில்லை. தராசு தொங்கும். கணக்கப்பிள்ளை முள்ளைப் பார்ப்பார். பையைக் கொளுவிவிட்டுப் பக்கத்தில் நிற்கிற பெண்ணும் முள்ளைத்தான் பார்ப்பார். ஈரத்துக்கு இவ்வளவு, பைக்கு இவ்வளவு என்று கழிவு போகும். இரண்டு பேரின் பார்வையும் ஒரே முள்ளில் விழுகிற அந்தக் கணத்தை எந்தத் தேயிலைப் பெட்டியிலும் நான் கண்டதில்லை.

மத்தியானம் லயத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தேத்தண்ணி தந்தார்கள். சுவரில் மூன்று படங்கள். ஒன்று மகளின் கலியாணப் படம். ஒன்று இறந்துபோன தகப்பனாருடையது. அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கி மாலை போட்டிருந்தார்கள், அதனால் முகம் புகைபோல மங்கியிருந்தது. மூன்றாவது, ஒரு குடும்பமே விறைத்துப்போய் வரிசையாக நிற்கிற கறுப்பு வெள்ளைப் படம். சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்குப் போன பெரியப்பா குடும்பம். கடவுச்சீட்டுக்கு என்று ஸ்டூடியோவுக்குப் போனபோது கூடவே எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனதாம். 1964இல் இரண்டு பிரதமர்கள் கையெழுத்துப் போட்டு ஐந்து இலட்சத்து இருபத்தைந்தாயிரம் பேரை அந்தக் கரைக்கு என்று எழுதினார்களே, அதில் ஒரு வீட்டின் பங்கு சுவரில் தொங்குகிறது. உலகத்திலேயே அதிகம் படம் எடுக்கப்பட்ட தொழிலாளர்களில் இவர்களும் சேர்த்தி. கலியாணப் படத்தை விட்டால், வீட்டில் இருப்பதோ அரசாங்கம் கேட்டதன் பேரில் வந்த படங்கள்.

“முந்தி வந்தவங்களும் நெறைய எடுத்தாங்க தம்பி, அனுப்பி வைக்கிறோம்னுதான் சொன்னாங்க” என்றார் அந்த வீட்டுக்கார அக்கா. கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னார்.

அதனால் போகிற நேயர்களுக்குச் சில விடயங்கள் சொல்லிவைக்கிறேன். போகாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். போக வேண்டிய இடம் அது. கம்பளைக்குப் பக்கத்தில் பாரதெக்க, பழைய பீகொக் தோட்டத்தில், பழைய லயக் காம்பராக்களிலேயே தோட்டத் தொழிலாளர் நூதனசாலை ஒன்று இருக்கிறது. முதலில் அதைப் பார்த்துவிட்டு மலைக்கு ஏறினால் கண்ணுக்கு நிறையத் தெரியும். மலைக்குள் இறங்குமுன் தோட்டத்து ஒபிசில் கேட்டுக்கொள்ளுங்கள். கொழுந்து எடுக்கிறவரை நிறுத்தாதீர்கள், நிறுவைக்குப் பிறகு பேசுங்கள். பெயரைக் கேட்டு, அவர் சொல்கிறபடியே எழுதிக்கொள்ளுங்கள்.

படத்தை ஊருக்குப் போய்த் தபாலில் அனுப்பலாம் என்று நினைக்க வேண்டாம். பல லயங்களுக்கு இன்னும் தனி விலாசம் இல்லை; கடிதம் ஒபிசுக்கு வந்து, அங்கிருந்து எப்போது யார் கையில் போகும் என்று சொல்ல முடியாது. ஹட்டன் டவுனில் ஸ்டூடியோக்கள் இருக்கின்றன, காத்திருந்தால் அன்றைக்கே பிரின்ட் போட்டுத் தருவார்கள். ஒரு இரவு கூடத் தங்குகிற மாதிரிப் பயணத்தை வைத்துக்கொண்டு, மறுநாள் காலை பஸ்ஸில் திரும்பப் போய்க் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.