மார்வாரிக் குதிரையின் காது

மார்வாரிக் குதிரையை அடையாளம் காண முதலில் அதன் காதைப் பார்க்க வேண்டும். இரண்டு காதுகளும் உள்நோக்கி வளைந்திருக்கும். குதிரை காதை விடைக்கும்போது, கும்பிட்ட கைகளைப் போல இரண்டு நுனியும் ஒன்றையொன்று தொடும். ஒவ்வொரு காதும் முன்னும் பின்னும் நன்றாகத் திரும்பும்.

இதன் சொந்த மண் ராஜஸ்தானின் மார்வார், அதாவது ஜோத்பூர்ப் பகுதி. அங்கே ராத்தோர் மன்னர்கள் இதைப் போர்க்குதிரையாக வளர்த்தார்கள். மெலிந்த நீண்ட கால்கள், உறுதியான குளம்பு, பாலைவன வெயிலைத் தாங்கும் உடல். 'ரெவால்' என்ற மெல்லோட்டம் பல மார்வாரிக் குதிரைகளுக்கு இயல்பாகவே வரும். அந்த ஓட்டத்தில் மேலே இருப்பவருக்குக் குலுங்கல் அதிகம் தெரியாது.

ஆங்கிலேயர் காலத்தில் வெளிநாட்டுக் குதிரைகளுக்கே மதிப்பு கூடியது. மார்வாரி இனம் அழிவின் விளிம்புக்குப் போனது. 1930களில் ஜோத்பூர் மகாராஜா உமைத் சிங் நல்ல குதிரைகளைத் தேடிச் சேர்த்து இனத்தைக் காத்தார். பின்னாளில் அவருடைய பேரன் கஜ் சிங்கும் அந்தப் பணியைத் தொடர்ந்தார்.

இந்தக் குதிரையைப் பார்க்க ராஜஸ்தான் வரை போக வேண்டியதில்லை. ஈரோடு மாவட்டம் அந்தியூரில், குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாவையொட்டிக் குதிரைச் சந்தை கூடும். கத்தியவாரி என்ற மற்றோர் இனக் குதிரைகளோடு மார்வாரியும் அங்கே விற்பனைக்கு வரும். கத்தியவாரிக்கும் காது வளைந்தே இருக்கும்; ஆனால் மார்வாரி சற்றே உயரமானது. சந்தையில் வாங்குபவர்கள் முதலில் பார்ப்பது காது, அடுத்துக் கால், பிறகு நடை.