முதற் பதிப்பை இனங்காணல்

சிவனொளிபாத மலையின் அடிவாரத்திலே, மஸ்கெலியாவுக்கு அப்பால், நல்லதண்ணி என்னும் ஊர் இருக்கிறது. அங்கே தோட்டமொன்றில் வாழும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், தம் தகரப் பெட்டியிலிருந்து பழைய சிறுவர் நாவல் ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். அவர் சிறுவராயிருந்தபோது, தமிழகம் சென்று திரும்பிய தந்தையார் வாங்கி வந்த நூல் அது.

"முதற் பதிப்பு 1955 என்று அச்சிட்டிருக்கிறது, பாருங்கள். கொழும்பிலே நூல் சேகரிக்கும் அன்பர் ஒருவர் நல்ல விலை தருவதாக எழுதியிருக்கிறார். பேத்தியின் படிப்புக்கு உதவும்" என்றார்.

சிறுவர் நூல்களின் முதற் பதிப்புக்கு ஏன் இத்துணை மதிப்பு? குழந்தைகள் புத்தகத்தைப் பூட்டி வைப்பதில்லை, கிழியும்வரை படிக்கிறார்கள். எனவே எஞ்சுவன சிலவே. லண்டனில் 1997-இல் வெளிவந்த ஹாரி பாட்டர் முதல் நாவலின் முதல் அச்சில், கெட்டி அட்டைப் பிரதிகள் 500 மட்டுமே. அவற்றைக் காட்டிக்கொடுப்பது, உள்ளே பத்து முதல் ஒன்று வரை அச்சிட்ட எண்வரிசை. அதில் ஒன்று என்னும் எண் இருத்தல் வேண்டும்.

நம் பழைய தமிழ் நூல்களில் இத்தகைய வரிசையைக் காண்பதரிது. மறுபடி அச்சிடும்போது முதற் பதிப்பின் ஆண்டை மட்டும் அப்படியே விட்டுவிடுதலும் உண்டு. ஆகவே வேறு சாட்சிகளை நாடுதல் வேண்டும்.

முதற் சாட்சி விலை. இந்தியாவில் அணாக் கணக்கு மாறி, நயா பைசா வழக்கிற்கு வந்தது 1957 ஏப்ரல் முதல் நாள். 'நயா' என்னும் அடைமொழி 1964-இல் நீங்கிற்று. இரண்டாவது சாட்சி முகவரி. இந்தியாவில் ஆறிலக்க அஞ்சல் குறியீடு 1972-இல் தோன்றியது. அது உள்ள பக்கம் அதற்கு முற்பட்டதன்று. மூன்றாவது சாட்சி எழுத்து. தமிழ்நாட்டில் 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தது. ஆயினும் அச்சகங்கள் எல்லாம் ஒரே நாளில் மாறிவிடவில்லை. ஆதலால் இச்சாட்சியை மட்டும் நம்பி முடிவு கூறலாகாது.

ஆசிரியரின் நூலைத் திருப்பினேன். விலை ஒரு ரூபாய் ஐம்பது நயா பைசா! பழைய பிரதியின்மேல் புதுவிலையை முத்திரையாகக் குத்துவதும் உண்டு. எனவே கூர்ந்து நோக்கினேன். மற்ற வரிகளோடு சேர்ந்தே அது அச்சாகியிருந்தது. 1955-இல் அச்சான நூலில் அவ்விலை இருக்க இயலாது. அது மறு அச்சே.

சொல்லத் தயங்கினேன், ஆயினும் சொன்னேன். அவர் சற்று நேரம் மௌனமாயிருந்தார். பின்பு கண்ணாடியை அணிந்துகொண்டு, கொழும்பு அன்பருக்கு உண்மையை எழுதலானார்.

"விலை குறைந்தால் குறையட்டும், ஐயா. பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன கை இது" என்றார்.

நேயர்களே, உங்கள் வீட்டிலும் இத்தகைய நூல் இருக்கலாம். அட்டை நைந்ததென்று கிழித்தெறியாதீர்கள், விலையை அழிக்காதீர்கள், அன்பளிப்பாக எழுதிய பெயரையும் தேதியையும் சுரண்டாதீர்கள். மலைநாட்டின் ஈரத்திலிருந்து அதைக் காத்துவையுங்கள். நூலின் வயதைச் சொல்லும் வாய்கள் அவையே.