காவல்காரனே வீட்டைத் தாக்கினால்

வயிற்றுப்போக்கு எல்லோருக்கும் எப்போதாவது வரும். சில நாளில் நின்றுவிடும். சிலருக்கு மட்டும் மாதக் கணக்கில் நீடிக்கும். மலத்தில் இரத்தமும் சளியும் போகும். வயிறு வலிக்கும். உடல் இளைக்கும். இது நாட்பட்ட குடல் அழற்சி நோயாக இருக்கலாம். அழற்சி என்றால் சிவந்து, வீங்கிப் புண்ணாவது.

இந்த நோயில் முக்கியமாக இரண்டு வகை உண்டு. ஒன்று பெருங்குடலைப் புண்ணாக்கும். மற்றொன்று வாய் முதல் ஆசனவாய் வரை எங்கும் வரலாம். அதன் பெயர் கிரோன் நோய். 1932இல் நியூயார்க் நகர மருத்துவர் கிரோனும் அவருடைய தோழர்கள் இருவரும் அதை விளக்கி எழுதினார்கள்.

இந்த நோய் ஏன் வருகிறது?

நம் உடலில் வெள்ளை அணுக்கள் உள்ளன. அவை காவல்காரர்கள் போல. கிருமி வந்தால் எதிர்த்துப் போராடும். நம் குடலில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை தீங்கு செய்யாது. அவற்றைக் காவல்காரர்கள் விட்டுவிட வேண்டும். இந்த நோயில் காவல் தடுமாறுகிறது. தீங்கற்ற உயிர்களையும் எதிரி என்று தாக்குகிறது. சண்டை ஓய்வதில்லை. குடல் புண்ணாகிறது.

இதற்கு மரபணுவும் ஒரு காரணம். தாய் தந்தையின் சாயலைப் பிள்ளைக்குக் கொண்டுவருவது மரபணு. கிரோன் நோயோடு தொடர்புள்ள ஒரு மரபணுவை 2001இல் முதன்முதலாகக் கண்டுபிடித்தார்கள். இன்று இந்த நோய்களோடு தொடர்புள்ள 200க்கும் மேற்பட்ட மரபணு இடங்கள் தெரியும்.

மரபணு இருந்தால் நோய் வந்தே தீருமா? இல்லை. ஒரே மரபணு கொண்ட இரட்டையரில் ஒருவருக்கு நோய் வந்து, மற்றவருக்கு வராமலே போவதுண்டு. விதை மட்டும் இருந்தால் பயிர் வளருமா? மண்ணும் நீரும் வேண்டும் அல்லவா? புகைபிடிப்பது கிரோன் நோய்க்கு அப்படி நீர் ஊற்றுவதாகும்.

ஆகவே இது ஒட்டுவாரொட்டி நோய் அல்ல. சாபமும் அல்ல. "உன் வீட்டு வழியில் வந்தது" என்று மருமகளைப் பழிப்பது தவறு.

இந்தியாவில் காசநோய் அதிகம். குடலிலும் காசநோய் வரும். அது கிரோன் நோய் போலவே தோன்றும். ஆனால் மருந்து வேறு. கிரோன் நோய்க்குக் காவலை அடக்கும் மருந்து தருவார்கள். அதையே காசநோயாளிக்குக் கொடுத்தால் காசநோய் பெருகும். அதனால்தான் மருத்துவர் குழாய் விட்டுக் குடலைப் பார்க்கிறார். சிறு துண்டு சதை எடுத்துச் சோதிக்கிறார். அதற்குப் பயப்பட வேண்டாம்.

மலத்தில் இரத்தம் போனால், மூலம் என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். கடையில் மாத்திரை வாங்கிக் காலம் கடத்தாதீர்கள். அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

நோய் அடியோடு போகாவிட்டாலும் மருந்தால் அடங்கும். உழைக்கலாம். மணம் முடிக்கலாம். பிள்ளை பெறலாம். வலி நின்றதும் மருந்தை நிறுத்திவிடாதீர்கள். மருத்துவர் சொன்ன பிறகே நிறுத்துங்கள்.